வெளியே போனால்தான் உள்ளே பிறக்கும்: தசைநாண் செல்லில் வைட்டமின் சி

1740-இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய ஜார்ஜ் ஆன்சனின் கப்பல்களில் ஸ்கர்வி நோய் மாலுமிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. அந்தப் பயணத்தை விவரித்து 1748-இல் வெளிவந்த நூலில் ஒரு முதிய படைவீரர் வருகிறார். 1690-இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டவர். புண் ஆறி ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. கடலில் ஸ்கர்வி பிடித்ததும் அந்தத் தழும்பு திறந்துகொண்டது, ஒருநாளும் ஆறியிராத புண்ணைப் போல.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது என்னை உறுத்தியது அதன் கோரம் மட்டுமல்ல. ஆறிப்போன தழும்பு என்று நாம் நினைப்பது முடிந்துபோன வேலை இல்லை என்பது அதில் தெரிகிறது. ஒரு பக்கம் அரிக்கப்பட்டு மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் சுவர் அது. கட்டும் கை நின்றால் சுவர் சரிகிறது. கட்டும் பொருள் கொலாஜன். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் நீரை நீக்கிவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி அதுதான்.

வைட்டமின் சி இல்லாவிட்டால் கொலாஜன் கெடும் என்பது பள்ளிப் பாடநூலிலேயே உண்டு. எப்படிக் கெடுகிறது என்று கேட்டால்தான் விடை இரண்டாகப் பிரிகிறது. தரம் கெடுகிறதா, அளவு குறைகிறதா? தரத்தைப் பற்றிய விடை 1970-களின் நடுவிலேயே தெளிவாகிவிட்டது. அளவைப் பற்றிய விடைக்குக் கோழிக்கருவின் காலிலிருந்து எடுத்த தசைநாண் செல்கள் வேண்டியிருந்தன. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாவது விடைமேல்தான். முதலாவது தெரியாமல் இரண்டாவது புரியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணின் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து இந்த மூவிழை அமைப்பை முன்வைத்தார்கள். கொலாஜனின் வடிவம் முதலில் புலப்பட்டது ஒரு தசைநாணில்தான், அதுவும் சென்னையில். மூன்று இழைகள் நெருங்கி முறுக்க வேண்டுமானால் நடுவில் இடம் வேண்டும். அதனால் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் நிற்கிறது. மற்ற இரண்டு இடங்களில் அடிக்கடி வருபவை புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும்.

ஹைட்ராக்சிபுரோலினை 1902-இல் எமில் ஃபிஷர் ஜெலட்டினிலிருந்து பிரித்தெடுத்தார். இது உணவிலிருந்து நேராகக் கொலாஜனுக்குள் போய்ச் சேர்வதில்லை. 1949-இல் மார்ஜரி ஸ்டெட்டன் கனமான நைட்ரஜனை அடையாளமாக ஏற்றிய ஹைட்ராக்சிபுரோலினை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொலாஜனில் அந்த அடையாளம் ஏறக்குறையக் காணவே இல்லை. சாதாரணப் புரோலினைக் கொடுத்தபோது அது ஹைட்ராக்சிபுரோலினாக மாறிக் கொலாஜனில் வந்து உட்கார்ந்தது. அதாவது, இழை பின்னப்பட்ட பிறகுதான் அதில் இருக்கும் புரோலின்மேல் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் ஒட்டவைக்கப்படுகிறது. ஜெலட்டின் குடித்தால் அதுவே தசைநாணாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பழைய சோதனையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ஒட்டவைப்பது புரோலில் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. அது வேலை செய்ய இரும்பு, ஆக்சிஜன், 2-ஆக்சோகுளுட்டரேட் மூன்றும் வேண்டும். வைட்டமின் சி எங்கே வருகிறது? நொதியின் நடுவில் இருக்கும் இரும்பு இரட்டை மின்னேற்ற நிலையில் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒழுங்கான சுற்றில் இரும்பு தானாகவே அந்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அப்போது வைட்டமின் செலவாவதில்லை. ஆனால் சில சுற்றுகளில் நொதி புரோலினைத் தொடாமலேயே ஆக்சிஜனையும் 2-ஆக்சோகுளுட்டரேட்டையும் வீணே உடைத்துவிடுகிறது. அப்படி ஒவ்வொரு தடவை தவறும்போதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து முடங்குகிறது. அதை மீட்டெடுக்க ஒரு வைட்டமின் சி மூலக்கூறு செலவாகிறது. பின்லாந்தின் ஔலு நகரில் கிவிரிக்கோ, மில்லிலா குழுவினர் 1978-லும் 1984-லும் இதைக் கணக்குப் பார்த்துக் காட்டினார்கள். வைட்டமின் சி இங்கே கொத்தனார் இல்லை. மழுங்கிப்போன கரண்டியைத் தீட்டிக் கொடுக்கும் ஆள்.

தீட்டுபவர் வராவிட்டால் என்ன ஆகும்? டார்வின் பிராக்காப் குழு 1970-களின் தொடக்கத்தில் கோழிக்கருவின் தசைநாண் செல்களில் இரும்பைக் கட்டிப்போடும் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, ஹைட்ராக்சில் ஏறாத கொலாஜனைச் செய்ய வைத்தது. அந்தக் கயிறு 24 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே பிரிந்துவிட்டது. ஒழுங்கான கொலாஜன் 39 டிகிரி வரை தாங்கும். உடம்பின் வெப்பம் 37 டிகிரி. பதினைந்து டிகிரி வித்தியாசம்தான், ஆனால் நம் உடம்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

தரத்தின் கதை இவ்வளவுதான். இனி அளவு.

கோழிக்கு ஸ்கர்வி வருவதில்லை. தன் சிறுநீரகத்திலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும் உயிர் அது. மனிதனும் கினிப்பன்றியும் அதற்கான கடைசி நொதியைப் பரிணாமத்தில் தொலைத்தவர்கள். ஆனால் கோழியின் தசைநாண் செல்லால் வைட்டமின் சி-யைச் செய்ய முடியாது; இரத்தத்தில் வருவதைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. முட்டைக்குள் 16 நாள் வளர்ந்த கருவின் காலில் தசைநாண் வெள்ளை நூலாகத் தெரியும். அதை எடுத்து நொதிகளில் ஊறவைத்தால் நார்க்கட்டு கரைந்து செல்கள் உதிர்கின்றன. அவற்றைப் பிளாஸ்டிக் தட்டில் ஊடகம் ஊற்றி வளர்த்தால், சிறுநீரகமும் இரத்தமும் இல்லாத அந்த இடத்தில் அவை உடனே ஸ்கர்வி நிலைக்குப் போய்விடுகின்றன. செல் வளர்ப்பில் இன்றும் அன்றாடம் புழங்கும் பல ஊடகங்களில் வைட்டமின் சி கிடையாது. செல் சாவதில்லை, பெருகவும் செய்கிறது. ஆனால் தசைநாண் செல்லாக இருப்பதை விட்டுவிடுகிறது.

பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் இந்த மாற்றத்தை விதியென்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். உடம்பிலிருந்து பிரித்த செல் தன் தொழிலை மறந்துவிடும் என்றார்கள். 1977-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸும் மினா பிஸ்ஸலும் அதை மறுத்தார்கள். முட்டைக்குள் இருக்கும்போது தசைநாண் செல் தான் செய்யும் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கும் மேல் கொலாஜனுக்கே ஒதுக்குகிறது. தட்டில் அது சரிந்துவிடும். ஆனால் வைட்டமின் சி கொடுத்து, செல்களை நெருக்கமாக வைத்து, ஊடகத்தில் கலக்கும் இரத்த நீரான சீரத்தைக் குறைத்தால் செல் பழைய அளவை ஒட்டி உழைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். செல் தொழிலை மறக்கவில்லை, சூழல்தான் அதைத் தடுத்திருந்தது. பிஸ்ஸல் பின்னாளில் மார்பகப் புற்றுநோயில் செல்லின் சூழலைப் பற்றி எழுதிப் பெரும்பெயர் பெற்றார். அந்தச் சிந்தனையின் ஒரு வேர் இந்தக் கோழித் தசைநாணில் இருக்கிறது.

மூன்று நிபந்தனைகளில் செல்களின் நெருக்கம் தனிக் கட்டுரைக்குரியது. தட்டில் செல்கள் தனித்தனியாகக் கிடக்கும்போது வைட்டமின் சி கொடுத்தாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை. பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தால்தான் தசைநாண் செல் கயிறு திரிக்கும் வேலையில் முழுமூச்சாக இறங்குகிறது. தனி ஒரு செல் கயிறு திரித்து என்ன பயன் என்று யோசித்தால் இதில் நியாயம் தெரிகிறது.

இந்தத் துறையின் அருமையான பகுதி அடுத்து வருவது. வைட்டமின் சி-யைச் சேர்த்தால் கொலாஜன் உற்பத்தி பல மடங்கு கூடுகிறது என்றால், முதலில் கூடுவது எது? மரபணுவிலிருந்து எடுக்கப்படும் தூது ஆர்.என்.ஏ-வா, அதைப் படித்துப் புரதம் பின்னும் வேகமா, பின்னிய புரதத்துக்கு ஹைட்ராக்சில் ஏற்றும் வேலையா, அதை வெளியே அனுப்பும் வேலையா? எல்லாமே கடைசியில் கூடியிருக்கும். ஆகவே கடைசி நிலையை அளந்து பயனில்லை; கடிகாரத்தை வைத்துக்கொண்டு வரிசையைப் பார்க்க வேண்டும். ஷ்வார்ட்ஸ் 1980-களின் முதற்பாதி முழுவதும் இதைத்தான் செய்தார்.

ஸ்கர்வி நிலையில் கிடக்கும் தட்டில் வைட்டமின் சி-யை ஊற்றியதும் முதலில் ஹைட்ராக்சில் ஏறுகிறது. அடுத்து, உள்ளே தேங்கிக் கிடந்த புரோகொலாஜன், அதாவது கொலாஜனின் முன்வடிவம், வெளியேறும் வேகம் கூடுகிறது. இவை இரண்டும் மணிக்கணக்கில் நடந்து முடிகின்றன. புரதம் பின்னும் வேகமோ அவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை. அது நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுகிறது, தூது ஆர்.என்.ஏ-வும் அதேபோல் தாமதித்தே கூடுகிறது. 1984-இல் லையன்ஸும் ஷ்வார்ட்ஸும் அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். மரபணுவைப் படியெடுக்கும் வேகம் கூடியிருந்தது. எடுத்த படிகள் அழியும் வேகமும் குறைந்திருந்தது. செல் அதிகமாக எழுதவும் செய்தது, எழுதியதைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளவும் செய்தது.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் படி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது புரதம் பின்னும் வேகம் ஏறுவதற்கு முந்தி மாறியிருக்க வேண்டும், போதிய அளவு மாறியிருக்கவும் வேண்டும். புரோகொலாஜன் வெளியேற்றம் இந்தக் குறைந்தபட்சத் தகுதிகளைப் பூர்த்தி செய்கிறது என்று ஷ்வார்ட்ஸ் 1985-இல் எழுதினார். சொல்லை எண்ணி எண்ணிப் போட்ட முடிவு அது. நிரூபித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதன் பொருள் பெரிது. வைட்டமின் சி நியூக்ளியசுக்குப் போய் ஆணையிடவில்லை. அது கயிற்றை முறுக்கேற்ற உதவுகிறது, முறுக்கேறிய கயிறு வெளியேறுகிறது. உள்ளே இடம் காலியாவதைச் செல் எப்படியோ உணர்ந்து மேலும் பின்னுகிறது. நெல் அரவை ஆலையில் மூட்டைகள் வாசலைத் தாண்டாமல் அடுக்கிக் கிடந்தால் அரவை தானே நிற்கும். லாரி வந்து ஏற்றிப் போனால் மறுபடி ஓடும். தசைநாண் செல்லின் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு, அவற்றை மதித்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் முராத், பின்னெல் குழுவினர் 1981-இல் மனிதத் தோலின் நார்ச்செல்களில் வைட்டமின் சி-யை நெடுநேரம் கொடுத்துப் பார்த்தார்கள். கொலாஜன் உற்பத்தி எட்டு மடங்கு கூடியது, மற்றப் புரதங்கள் கூடவில்லை. இந்த விளைவு ஹைட்ராக்சில் ஏற்றும் வேலையிலிருந்து தனித்தது என்று அவர்கள் கருதினார்கள். 1980-களின் இறுதியில் மாரியோ சோய்க்கியர் குழு மற்றொரு வழியைச் சொன்னது: வைட்டமின் சி செல்லில் கொழுப்பை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்து அதன் வழியே கொலாஜன் மரபணுவைத் தூண்டுகிறதோ என்று கேட்டது. தோல் செல்லில் இதற்கு ஆதாரம் தந்தார்கள். தசைநாண் செல்லில் காணும் நேர வரிசையை விளக்க இது போதுமானதாக எனக்குப் படவில்லை. கொழுப்புதான் தூண்டுகோல் என்றால், மணிக்கணக்கில் நடக்கும் வெளியேற்றத்துக்குப் பிறகு மரபணு ஏன் நாள்கணக்கில் காத்திருக்கிறது? தோல் செல்லையும் தசைநாண் செல்லையும் ஒரே தராசில் வைப்பதே பிழையாக இருக்கலாம். கருவின் தசைநாண் செல்லுக்குக் கொலாஜன் முழுநேரத் தொழில். தோல் செல்லுக்கு அது பல வேலைகளில் ஒன்று.

வாசல் என்று சொன்னேன். அந்த வாசலில் யார் நிற்கிறார் என்பது 1999-இல் தெரிந்தது. மான்செஸ்டரில் நீல் புல்லைட் குழு, முறுக்கேறாத புரோகொலாஜனைச் செல் அதைப் பின்னும் இடமான எண்டோபிளாச வலைக்குள்ளேயே பிடித்து வைப்பது அந்தப் புரோலில் ஹைட்ராக்சிலேஸ் நொதியேதான் என்று காட்டியது. ஹைட்ராக்சில் ஏற்றும் நொதியே காவலும் நிற்கிறது. வேலை முடியாத இழையை அது விடுவதில்லை. இழை முறுக்கிக் கயிறானதும் தன் பிடியைத் தளர்த்துகிறது. இந்த ஒரு கண்டுபிடிப்பு தரத்தின் கதையையும் அளவின் கதையையும் இணைத்துவிட்டது. வைட்டமின் சி இல்லாதபோது தரம் குறைந்த கொலாஜன் வெளியே வருவதைவிட, உள்ளேயே சிறைப்படுவதுதான் அதிகம்.

முறுக்கேறிய பின்னும் வெளியேறுவது எளிதல்ல. புரோகொலாஜன் சுமார் 300 நானோமீட்டர் நீளமுள்ள விறைப்பான கம்பி. செல்லுக்குள் சரக்கேற்றிச் செல்லும் வழக்கமான பைகளின் விட்டம் 60 முதல் 90 நானோமீட்டர். நீண்ட சரக்கை ஏற்றத் தனி ஏற்பாடு வேண்டும். அதில் டாங்கோ-1 என்ற புரதத்துக்குப் பங்கு இருப்பது 2009-இல் தெரிய வந்தது. 2020-இல் மான்செஸ்டரின் கார்ல் கேட்லர் குழு எலித் தசைநாணில் இன்னொன்றைக் காட்டியது. அங்கே ஒரு நாள் கடிகாரம் ஓடுகிறது. அது ஆட்டிவைப்பது புரோகொலாஜனை வெளியே அனுப்பும் பாதையின் மரபணுக்களை. அவற்றில் டாங்கோ-1 உம் ஒன்று. வெளியேற்றம்தான் பிடி என்று ஷ்வார்ட்ஸ் தட்டில் பார்த்துச் சொன்னதற்கு, முப்பத்தைந்து ஆண்டு கழித்து உயிருள்ள விலங்கிலிருந்து கிடைத்த துணை இது என்றே நான் வாசிக்கிறேன். வைட்டமின் வேறு, கடிகாரம் வேறு, ஆனால் இரண்டும் கைவைக்கும் இடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது.

தட்டில் பார்த்ததை உடம்புக்கு ஏற்றும்போது நிதானம் வேண்டும். பெவர்லி பீட்டர்காஃப்ஸ்கி கினிப்பன்றிகளில் ஸ்கர்வியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். வைட்டமின் சி இல்லாத உணவில் அவற்றின் கொலாஜன் உற்பத்தி சரிகிறது. ஆனால் அந்தச் சரிவு விலங்கு எடை இழக்கும் காலத்தோடு சேர்ந்து வருகிறது. வைட்டமின் சி கொடுத்துக்கொண்டே பட்டினி போட்டாலும் அதே சரிவு வந்தது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணியைக் கட்டிப்போடும் புரதங்கள் இரத்தத்தில் கூடுவதே அதற்குக் காரணம் என்று அவர் 1991-இல் தொகுத்து எழுதினார். 2006-இல், வைட்டமின் சி-யைச் செய்ய முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளில் அது இல்லாமலேயே கொலாஜன் உருவாவதை வேறொரு குழு காட்டியது. நொதியின் இரும்பை மீட்க உடம்பில் வேறு துணைகளும் இருக்கின்றன போலும். ஆனாலும் மனிதனில் கதை மாறுவதில்லை. 1939-இல் பாஸ்டனின் இளம் அறுவைச் சிகிச்சையாளர் ஜான் கிராண்டன் ஆறு மாதம் வைட்டமின் சி இல்லாத உணவை உண்டு, தன் முதுகில் கீறச் சொல்லிச் சோதித்தார். மூன்றாம் மாதம் போட்ட கீறல் ஒழுங்காக ஆறியது. ஆறாம் மாதம் போட்டது மேலே தோல் மூடியும் உள்ளே கூடவில்லை. ஊசியில் வைட்டமின் ஏற்றிய பிறகு கூடியது.

ஆய்வுக்கூடத்தில் இதைத் தொடர்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு, ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கிறவர்களும் அதை மனத்தில் வைக்க வேண்டும். வைட்டமின் சி 37 டிகிரி ஊடகத்தில் நிலைத்து நிற்காது. இரும்பும் செம்பும் துளி இருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும், ஹைட்ரஜன் பெராக்சைடையும் உண்டாக்கும். காலையில் ஊற்றியது மறுநாள் காலை அநேகமாக இருக்காது. அதனால்தான் 1989-இல் ஹாட்டாவும் செனோவும் பாஸ்பேட் இணைத்த நிலையான வடிவத்தைப் பயன்படுத்திக் காட்டியது முக்கியமானது. செல் அந்தப் பாஸ்பேட்டை வெட்டித் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்கிறது. எந்த வடிவம், எத்தனை மணிக்கொரு தரம், செல்கள் எவ்வளவு நெருக்கம், சீரம் எவ்வளவு என்று சொல்லாத தசைநாண் செல் ஆய்வை நான் நம்பிப் படிப்பதில்லை. பழைய முரண்பாடுகளில் ஒரு பகுதி இந்த நான்கிலேயே கரைந்துவிடும் என்பது என் எண்ணம்.

குதிகாலில் வலி வந்தவர்கள் கேட்கும் கேள்விக்கும் வருகிறேன்: மாத்திரை போட்டால் தசைநாண் வலுக்குமா? வாசல் திறந்திருக்கும்போது இன்னொரு சாவியால் பயனில்லை. இரத்தத்திலிருந்து செல் வைட்டமின் சி-யைத் தனிக் கடத்திகள் மூலம் இழுத்து உள்ளே பல மடங்கு செறிவாக வைத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் குழு 1996-இல் 7 இளைஞர்களை அளந்து பார்த்தது. நாளைக்கு 200 மில்லிகிராமைத் தாண்டியதும் இரத்தத்தில் அளவு பெரிதாக ஏறவில்லை. ஆண்களுக்கு நாளைக்கு 80 மில்லிகிராம் என்று இந்தியப் பரிந்துரை சொல்கிறது. ஒரு கொய்யாப்பழம் அதைத் தாராளமாகத் தந்துவிடும். விளையாட்டு வீரர்களிடையே பரவலாகப் பேசப்படும் 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்று உண்டு. வைட்டமின் சி சேர்ந்த ஜெலட்டினை 8 ஆண்களுக்குக் கொடுத்துக் கயிறு தாண்ட வைத்தார்கள். 15 கிராம் ஜெலட்டின் குடித்தவர்களின் இரத்தத்தில் கொலாஜன் உருவாவதைக் காட்டும் குறியீடு இரட்டித்தது. அதில் ஒப்பிடப்பட்டது ஜெலட்டினின் அளவு. வைட்டமின் சி-யின் தனிப் பங்கை அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

2013-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு முடிவை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1955-க்குப் பின் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் ஏற்றிய கார்பன்-14-ஐ வைத்து மனிதக் குதிகால் தசைநாணின் வயதைக் கணித்தார்கள். வளர்ச்சி முடியும் 17 வயதை ஒட்டிக் கட்டப்பட்ட அதன் மையப்பகுதி பிறகு ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அப்படியானால் தினமும் கடிகாரப்படி வெளியேறும் கொலாஜன் எங்கே போகிறது? தடித்த நிலையான நார்களுக்கு இடையில் மெல்லிய நார்கள் நாள்தோறும் கட்டப்பட்டு அகற்றப்படுகின்றன என்பது கேட்லர் குழுவின் விடை. பாயின் போர் வீரரின் தழும்பும் முதலில் இழந்தது இப்படிப்பட்ட மெல்லிய நார்களையாக இருக்கலாம்.

எனக்கு ஒரு சோதனையைப் பார்க்க ஆசை. 16 நாள் கருவின் தசைநாண் செல்களை நெருக்கமாகப் பரப்பி, நிலையான வைட்டமின் சி-யைத் தாராளமாகக் கொடுத்து, ஆனால் டாங்கோ-1-ஐ மட்டும் அடக்கிவிட வேண்டும். ஹைட்ராக்சில் ஏறும், கயிறு முறுக்கும், காவலிருந்த நொதி பிடியை விடும். வாசலைத் தாண்ட மட்டும் முடியாது. மூன்றாம் நாள் தட்டை எடுத்துக் கொலாஜனின் தூது ஆர்.என்.ஏ-வை அளக்க வேண்டும். அது ஏறாமல் கிடந்தால் செல் எண்ணிக்கொண்டிருப்பது வெளியே போன சரக்கை. ஏறியிருந்தால் அது எண்ணுவது முறுக்கேறிய கயிற்றை, அல்லது கை காலியான அந்த நொதியை.